மறுகால் என்னும் மூத்தோர் சொல்

மூத்தோர் சொல் என்றதும் முகஞ்சுளிக்கும் இளைஞர் இன்று பலர். பாட்டன் வாய் திறந்தால் பழங்கதை என்பர். அவரை மட்டும் நொந்து பயனில்லை. கேட்டதைக் காத்து வையாத பெற்றோர்க்கும், ஆங்கில அறிவுரைகளைச் சுவரில் எழுதி ஒப்பிக்கச் செய்யும் பள்ளிகளுக்கும் அதில் பங்குண்டு.

முதுமொழிக்கு இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர். அது நுட்பமும் சுருக்கமும் தெளிவும் எளிமையும் உடையதாய், கருதிய பொருளைக் கரணியத்தோடு நிறுவ வேண்டும் என்பது அவர் கருத்து. கரணியம் என்பதே இங்கு உயிர். ஆண்டில் மூத்தவர் கூறியதனாலேயே ஒன்று அறிவுரை ஆகிவிடாது. பெர்சிவல் என்னும் ஆங்கிலேயர் 1874-இல் வெளியிட்ட திரட்டில் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் உள்ளன. பழமொழி என்ற பெயரால் பெண்ணை இழித்தும் சாதி சொல்லிப் பழித்தும் வழங்குவனவும் நம்மிடை உண்டு. அவற்றைத் தூக்கியெறியத் தயங்க வேண்டுவதில்லை. குப்பையோடு மணியையும் கொட்டிவிடுவதுதான் கேடு.

ஏரலை எடுத்துக்கொள்வோம். பொருநையாறு கடலை நெருங்கும் பகுதியில், அதன் வடகரையில் உள்ள ஊர் அது. அருகிலுள்ள கொற்கை ஒருகாலத்தில் பாண்டியரின் முத்துத்துறை. வண்டல் படிந்து கடல் விலகியதால் இன்று உள்நாட்டுச் சிற்றூராய்க் கிடக்கின்றது. ஆறு தூர்க்கும், கரைமீறும், இடம்பெயரும் என்பதைக் கண்ணாரக் கண்ட மக்கள் தம் அறிவைச் சொல்லில் பொதிந்து வைத்தனர். நீர் நடக்கும் வழியைக் கால் என்றனர். மருதூர் மேலக்கால், கீழக்கால், திருவைகுண்டம் வடகால், தென்கால் எல்லாம் அவ்வழி வந்த பெயர்களே. குளம் நிரம்பியபின் மிகுநீர் செல்லும் வழி மறுகால். உள்ளே வந்த நீருக்கு வெளியேற மற்றொரு வழி விடு என்னும் அறிவுரை அப்பெயருக்குள்ளேயே இருக்கின்றதன்றோ? அதற்குத் தனியே ஒரு பழமொழி எதற்கு?

இன்றோ மடை 'சட்டர்' ஆயிற்று. மறுகால் 'சர்ப்பிளசு' ஆயிற்று. மறுகால் வயலாகி, வயல் மனையாகி, அம்மனைக்கு ஒரு 'நகர்'ப் பெயரும் சூட்டப்பெற்ற ஊர்கள் தமிழகத்தில் எத்தனை! மறுகாலில் மனை என்றால் வாங்குவோன் ஒரு நொடியேனும் எண்ணிப் பார்ப்பான். 'பிளாட்டு' என்றால் விலையை மட்டுமே கேட்பான்.

தி.ஆ. 2054 சிலைத் திங்கள் பிறந்தபோது, அஃதாவது 2023 திசம்பர் 17, 18 நாள்களில், காயல்பட்டினத்தில் ஒரே நாளளவில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை கொட்டியது. பொருநை கரைபுரண்டு ஏரலுள் புகுந்தது. ஊர் தனித்துத் துண்டுபட்டது. அப்பெருமழையை எந்த மறுகாலும் முழுதும் தாங்கியிராது என்பது மெய்யே. ஆயினும் வழி திறந்த இடத்தில் நீர் விரைந்து வடியும். அடைத்த இடத்தில் வீட்டுக்குள் நிற்கும்.

அவ்வெள்ளத்திலும் மூத்தோர் சொல் சாகாது நின்ற இடம் ஒன்றுண்டு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி 17-ஆம் நாள் இரவு திருவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கானோர் போக்கிடமின்றித் தவித்தனர். மீட்புப் படை வந்து சேருமுன், அருகிலுள்ள புதுக்குடி ஊரார் தம் வீட்டு அரிசியைக் கொண்டு உலையேற்றி அவர்களுக்குச் சோறிட்டனர். தம் ஊரும் மழையில் அல்லலுற்ற வேளை அது! பசித்தவனை வெறுவயிற்றோடு விடாதே என்று பாட்டியர் சொல்லிச் சொல்லி ஊறிய பண்பன்றி வேறென்ன?

ஒன்று வாழ, மற்றொன்று தேய்ந்தது ஏன்? விருந்தோம்பல் வீடுதோறும் நாள்தோறும் நடக்கின்றது. அதனால் சொல்லும் வாழ்கின்றது. குளங்காக்கும் பணியோ ஆங்கிலேயர் ஆட்சியில் ஊரார் கையைவிட்டு அலுவலகக் கோப்புகளுக்குள் போயிற்று. பணி போன வழியே சொல்லும் போயிற்று. ஆகவே தமிழ்ச்சொல்லைக் காப்பது புலவர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று. உயிர் காக்கும் வேலை.

தனித்தமிழ் அன்பர்கள் மேடைப்பேச்சைச் சற்றே குறைத்துக்கொள்ளலாம். ஏரல் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளை ஊர் முதியோரிடம் அழைத்துச் செல்லட்டும். ஒவ்வொரு குளத்தின் மடைக்கும் மறுகாலுக்கும் உரிய பெயரைக் கேட்டு எழுதச் செய்யட்டும். எழுதியபின் அம்மறுகால் வழியே கால்நடையாக ஒருமுறை நடந்து, எங்கெங்கு அடைபட்டுள்ளது என்று குறித்து ஊராட்சியில் கொடுக்கட்டும். துலைத் திங்களில் வடகிழக்கு மழை தொடங்குமுன் இவ்வேலை முடிந்தாக வேண்டும்.