அழுகையைப் பிறகு பார்ப்பம்

பெடல் ஸ்டீல் கிற்றார் எண்டவுடன எல்லாருக்கும் ஞாபகம் வாறது அந்த இழுவைதான். ஒரு சுரம் வழுக்கிக்கொண்டு மேலே போகும், பாட்டு அழத் தொடங்கும். 1954இல் வெற்றிபெற்ற வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசாக்ஸ் பெடலை மிதித்தார். பிறகு நாஷ்வில் வாத்தியக்காரர்கள் பலரும் அந்த ஒலிக்குப் பின்னால் போனார்கள். இண்டைக்கும் பழக வருகிறவர்கள் முதலில் தேடுவது அந்த அழுகை லிக்குகளைத்தான். இது பிழையான தொடக்கம் என்பதே எங்கள் வாதம்.

முப்பது லிக் பாடமாக்கிய ஒருவரைப் பாடகருக்குப் பக்கத்தில் இருத்திப் பாருங்கோ. பாட்டு நடக்கிற நேரம் முழுக்க ஒண்டில் சும்மா இருப்பார், இல்லையெண்டால் பாடகருக்கு மேலால வாசித்துக் குழப்புவார்.

இத்தனைக்கும் இந்த வாத்தியம் கோர்ட்டுக்கெண்டே செய்தது போன்றது. பத்துத் தந்தி கொண்ட ஈ9 ரியூனிங்கில் 4, 5, 6ஆம் தந்திகளை மட்டும் எடுப்பம். 3ஆவது ஃப்ரெட்டில், பெடல் இல்லாமல், ஜி மேஜர். அடியில் மூன்றாம் சுரம். 6ஆவதில் ஏ பெடலோடு, ஈ தந்தியை எஃப் ஆக்கும் முழங்கால் லீவரையும் சேர்த்தால் அதே ஜி. அடியில் ஐந்தாம் சுரம். 10ஆவதில் ஏ, பி பெடல்கள் இரண்டையும் மிதித்தால் திரும்பவும் ஜி. இப்ப மூலச் சுரம் அடியில். இதுதான் இன்வேர்ஷன். வீடு ஒண்டு, வாசல் மூண்டு.

3ஆவது ஃப்ரெட்டில் நிண்டபடியே அந்த இரண்டு பெடல்களையும் மிதித்தால் சி மேஜர். கை அசையவில்லை. ஒரு சுரம் அப்பிடியே நிற்க, மற்ற இரண்டும் ஏறுகின்றன. மிதித்தபடி 5ஆவதுக்குப் போனால் டி. எல்லாரும் தேடி ஓடும் அழுகை பெரும்பாலும் இப்படி ஒரு கோர்ட் இன்னொண்டாக மாறுகிற இடைவெளியில்தான் பிறக்கிறது.

அடுத்தது றிதம். இரண்டாம், நாலாம் அடிகளில் மூன்று தந்தியையும் மீட்டி, வலது உள்ளங்கை ஓரத்தால் உடனே அடக்க வேணும். நீட்டி வாசிக்கும்போது வொலியூம் பெடல் எத்தனையோ பிழைகளை மூடிவிடும். வெட்டி வாசிக்கும்போது ஒளிக்க இடமில்லை. பலர் இதைத் தவிர்க்கிறதுக்கும் இதுதான் காரணம் எண்டு நினைக்கிறம்.

“றிதம் கிற்றார் இருக்கே, பிறகென்னத்துக்கு இது?” எண்டு கேட்பினம். அங்கதான் இன்வேர்ஷன் உதவும். கிற்றார் கீழே நிண்டால் ஸ்டீல் மேலே போகலாம்; வயலின் மேலே ஏறினால் கீழே இறங்கலாம். அழுகைதான் இதன் குணம் என்பவர்கள், அமெரிக்காவின் ஹவுஸ் ஒஃப் கோட் கறுப்பினத் தேவாலய மரபில் வந்த றொபேட் றண்டோல்ஃபைக் கேளுங்கோ. ஆக்களை எழும்பி ஆட வைக்கிற ஸ்டீல் அது.

பின்னுக்கு வாசிக்கிறது இரண்டாம் தர வேலை என்ற எண்ணம்தான் உண்மையான தடை. தனி வாசிப்புக்குக் கைதட்டு விழும். றிதத்துக்கு விழாது. ஆனால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் றிதம் வாசிக்க ஏலாது. கேட்கப் பழகாதவர் எத்தனை லிக் தெரிந்தும் தனிய நிற்பார்.

ஆகவே முதல் மாதம் ஒரு லிக்கும் வேண்டாம். மூன்று கோர்ட், ஒவ்வொன்றுக்கும் மூன்று இடம், ஒரு மெட்ரோனோம். அழுகையைப் பிறகு பார்ப்பம்.