பருமை பெருமையாகாது

பருமை என்பது உடலின் அளவு. பெருமை என்பது பண்பின் அளவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் கரையில் மட்டுமன்றிக் கடலிலும் பரவிவிட்டது. 400 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 60 மீட்டர் அகலமும் கொண்ட மாபெரும் பெட்டகக் கப்பல்களைக் கண்டு உலகம் வாய்பிளந்து நிற்கின்றது. மாந்த அறிவின் வெற்றி எனப் போற்றுகின்றது. வெற்றிதான், யாம் மறுக்கவில்லை. ஆனால், அஃது எவர்க்கு வெற்றி, எவர் செலவில் வந்த வெற்றி என்பதே ஈண்டு யாம் எழுப்பும் வினா.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கரையோரமாகச் சென்ற 'ஐடியல் எக்சு' என்னும் கலம் 58 பெட்டகங்களைச் சுமந்தது. 2013-இல் தென்மார்க்கு நாட்டு மேர்சுக்கு நிறுவனம் தென்கொரியாவிற் கட்டுவித்து இறக்கிய 'மும்மை ஈ' வகைக் கலங்கள், 20 அடிப் பெட்டகக் கணக்கில் 18,000-க்கு மேல் சுமந்தன. 2023-இல் வந்த 'எம்.எசு.சி. ஐரினா' 24,346 பெட்டகங்கள் கொள்ளும். அவற்றைச் சென்னையில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கின் வரிசை ஏறத்தாழப் புதுச்சேரியை எட்டும்!

இவ்வளர்ச்சிக்குக் கரணியம் எளிது. கலம் இருமடங்கு பருத்தால் கலவர் இருமடங்காக வேண்டா, எரிநெய்யும் இருமடங்காகாது. ஆகலின் ஒவ்வொரு பெட்டகத்திற்கும் விழும் செலவு குறைகின்றது, புகையும் குறைகின்றது. இந்நன்மையை மறைப்பது நேர்மையன்று. ஆயினும், சிக்கனம் ஒருவர் ஏட்டிலும் செலவு வேறொருவர் ஏட்டிலும் எழுதப்படுகின்றனவே, அதைத்தான் கேட்கின்றோம். 16 மீட்டர் ஆழம் வரை அமிழும் கலத்திற்காகக் கடலடியைத் தோண்டுவது துறைமுகம். அதன் அகலத்தை எட்டும் பளுத்தூக்கிகளை நிறுவுவதும் துறைமுகமே. ஒரே நாளில் பல்லாயிரம் பெட்டகங்கள் இறங்குகையில் திணறுவன ஊர்ச்சாலைகள். இவற்றுள் பெரும்பகுதி மக்கள் வரிப்பணம்.

2021 மார்ச்சு 23-இல் சூயசுக் கால்வாயில் நிகழ்ந்ததை நினைவுகூர்க. கால்வாயின் அகலத்தினும் தன் நீளம் மிக்க 'எவர்கிவன்' என்னும் கலம், கடுங்காற்றிடையே கரையில் முட்டிக் குறுக்கே கிடந்தது. ஆறு நாள் வழி அடைபட்டது. 400-க்கு மேற்பட்ட கலங்கள் காத்து நின்றன. தூர்வாரியும் இழுவைப் படகுகளும் அல்லும் பகலும் உழைத்தன. முடிவில் முழுநிலா நாளின் நீரேற்றமும் கைகொடுத்தபின்னரே கலம் அசைந்தது. பருமையிற் செருக்கிய கலத்திற்கு வானத்து நிலவு துணைவர வேண்டியிருந்தது!

அக்கலத்தின் உடைமையாளர் சப்பானியர், இயக்கியோர் தைவானியர், கொடியோ பனாமா நாட்டினது, பேணும் பணி செருமானியரது, உழைத்த கலவர் 25 பேரும் இந்தியர். ஊதியம் பகிர்கையில் எளிதாய் இருந்த இப்பிரிவு, பொறுப்பைப் பகிர்கையில் சிக்கலாயிற்று. கால்வாய் ஆணையம் முதற்கண் 90 கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் ஈடு கேட்டுக் கலத்தைத் தடுத்து வைத்தது. சூலை 7 வரை கலம் விடுபடவில்லை. கலவருட் பெரும்பாலோர் அதுகாறும் கலத்தொடு கலமாகக் கிடந்தனர். பழைய கடல்வழக்கொன்றைக் காட்டி, பொருள் ஏற்றியிருந்த வணிகரும் மீட்புச் செலவில் பங்கு தரவேண்டுமென்று அறிவிக்கப்பட்டது. ஆதாயம் சிலர்க்கு, இழப்பு மட்டும் பொதுவுடைமை!

எங்கோ எகிப்தில் நிகழ்ந்தது நமக்கென்ன என்று எண்ணற்க. 2025 சூன் 9-இல் அவ் 'ஐரினா' நம் குமரி மாவட்டத்தை அடுத்த விழிஞ்சத் துறையை வந்தடைந்தது. அத்துறையின் அலைதடுப்புச் சுவருக்குக் குமரி மாவட்டத்து மலைப்பாறைகளும் உடைபட்டுச் சென்றன. கரை அரிக்கப்படுகின்றதென்று விழிஞ்சத்து மீனவர் 2022-இல் திங்கட்கணக்கிற் போராடினர். ஓடம், தோணி, நாவாய், வங்கம் எனக் கலங்களை வகைவகையாய்ப் பெயரிட்டது நம் மொழி. நம் முன்னோர் துறைக்கேற்பக் கலம் அமைத்தனர். கலத்திற்கேற்ப மலையை உடைத்தாரிலர்.

தூத்துக்குடியிலும் பெருங்கலங்களை நோக்கிய வெளித்துறைமுகத் திட்டத்திற்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அத்துறைமுகம் வ.உ.சி. பெயரைத் தாங்கியது. 1906-இல் அவர் நிறுவிய கப்பற் குழுமத்தின் கலங்கள் பருத்தவையல்ல. வெள்ளையர் குழுமத்தின் முன் அவை சிறியவையே. ஆயினும் அவை நம்முடையவை. அதுவே அவற்றின் பெருமை.

துறைமுகமே வேண்டா என்பது எம் கருத்தன்று. ஆழப்படுத்தும் செலவில் பெருங்கல முதலாளிகள் உரிய பங்கைச் செலுத்துக. ஒரு கூடை பாறை பெயர்க்குமுன் மலைக்கும் கரைக்கும் நேரும் இழப்பைக் கணக்கிட்டு ஊரார்முன் வைக்க. வழக்கு யாருடையதாயினும் கலவரைப் பிணையாக்காமல் வீடு சேர்க்கும் கடப்பாட்டை அரசுகள் சட்டமாக்குக. இவை நிறைவேறும் நாளில் அக்கலங்களைப் பெருங்கலங்கள் என்போம். அதுவரை அவை பருங்கலங்களே!