ஆக்சிலைக் கழற்றும் முன் கணக்கைப் போடுங்கள்

பி.காம். படிக்கிறவனுக்கு ஜீப் ஆக்சிலில் என்ன வேலை என்று வகுப்பில் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது சாமி. இது மெக்கானிக்குகளின் சண்டை மட்டும் இல்லை, காஸ்டிங் சண்டையும்தான். கூடவே ஓட்டுகிறவரின் உயிரும் இதில் இருக்கிறது.

பழைய அமெரிக்க ஜீப் பிரியர்களிடம் ஒரு வேதவாக்கு உண்டு. "சிஜே-7 வைத்திருக்கிறாயா? பின்னால் இருக்கிற ஏஎம்சி 20 ஆக்சில் குப்பை. தூக்கிப் போட்டுவிட்டு ராங்ளர் ஆக்சிலை மாட்டு." கேட்டவரும் தலையாட்டிவிட்டு பழைய இரும்புக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார். இந்த அறிவுரை முக்கால்வாசி தப்பு என்பது என் கட்சி.

முதலில் அந்தக் 'குப்பை'யைப் பார்ப்போம். 1976 முதல் 1986 வரை சிஜே ஜீப்புகளில் வந்தது ஏஎம்சி 20. அதன் கிரவுன் வீல் 8.875 அங்குலம். எல்லோரும் கொண்டாடுகிற டானா 44-இன் கிரவுன் 8.5 அங்குலம்தான். ஆக, பல்சக்கரத்தில் குறை இல்லை. குறை இரண்டு இடத்தில். ஒன்று, ஷாஃப்டும் ஹப்பும் தனித்தனித் துண்டுகள். ஒரு கீயும் நட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். நட்டு தளர்ந்தால் ஹப் ஷாஃப்டின் மேலேயே சுற்றிவிடும். இரண்டு, நடு வார்ப்புக்குள் செருகிய குழாய்கள் பலமான அடி விழுந்தால் திரும்பிக்கொள்ளும். முதல் நோய்க்கு ஒரே துண்டாக வரும் ஷாஃப்ட் மருந்து. இரண்டாவதற்கு நல்ல வெல்டர் போதும். பல்வலிக்குத் தலையை எடுப்பார்களா?

இனி மாற்றுகிறவர்களின் கணக்கு. ஆக்சிலின் விலையை மட்டும் சொல்வார்கள். மீதியை நான் சொல்கிறேன்.

சிஜே சக்கரத்தில் ஐந்து போல்ட், 5.5 அங்குல வட்டத்தில். 1987-க்குப் பின் வந்த ஒய்ஜே, டிஜே ராங்ளர்களில் 4.5 அங்குலம். 2007-இல் வந்த ஜேகே-யில் 5 அங்குலம். எதை மாட்டினாலும் பழைய வீல் பொருந்தாது. டிஜே-யில் இருப்பது காயில் ஸ்பிரிங், சிஜே-யில் பட்டை. பழைய பிராக்கெட்டை அறுத்து, பட்டை உட்கார புதிதாகப் பற்றவைக்க வேண்டும். முன் ஆக்சிலையும் மாற்றலாம் என்றால், சிஜே-யில் டிஃபரன்ஷியல் வலப்பக்கம், ராங்ளரில் இடப்பக்கம். டிரான்ஸ்ஃபர் கேஸையும் மாற்றாமல் அது நடக்காது.

சரி, பின்னால் மட்டும் மாட்டிக்கொள்கிறேன் என்பவருக்கு இருக்கிறது பெரிய ஆப்பு. முன்னால் 3.54 ரேஷியோ, பின்னால் ருபிகானின் 4.10 என்று வையுங்கள். ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் சுற்றும். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஏறக்குறைய 14 சதவீதம் வேறு வேகத்தில் ஓடப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். பிடிப்புள்ள தரையில் எது பலவீனமோ அது உடையும்.

"புது ஆக்சிலில் டிஸ்க் பிரேக்கும் லாக்கரும் தொழிற்சாலையிலிருந்தே வருகிறதே?" என்பார்கள். உண்மை. 2003-இல் வந்த ருபிகானில் முன்னும் பின்னும் டானா 44, இரண்டிலும் லாக்கர். ஆனால் பின்னால் டிரம் இருந்த வண்டியில் டிஸ்க்கை மாட்டிவிட்டு, பிரேக் பங்கீட்டைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழலும். மலைப்பாதையில் சுழன்றால் கேட்க ஆள் இருக்காது.

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. டானா 35 வேறு கதை. அதன் கிரவுன் ஏழரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 1990-களின் வண்டிகளில் ஷாஃப்டைப் பிடிப்பது உள்ளே ஒரு சி-கிளிப். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரமே வெளியே வந்துவிடலாம். டிஜே வைத்திருப்பவர் அதைத் தூக்கிவிட்டு, டிஜே-யிலேயே ஆப்ஷனாக வந்த டானா 44-ஐப் போடட்டும். அதே போல்ட் வட்டம், அதே பிராக்கெட். ரேஷியோவையும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தையும் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே தலைமுறைக்குள் மாற்றுவதற்கும் தலைமுறை தாண்டி மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

"கம்பெனி போட்டதைத் தொடாதே" என்கிற பழமைவாதிகளுக்கும் ஒரு வார்த்தை. 1986-இல் கடைசியாக வந்த சிஜே-7 வண்டிகள் சிலவற்றில் கம்பெனியே டானா 44-ஐப் போட்டது. உங்கள் 'ஒரிஜினல்' அன்றைக்குக் கம்பெனிக்குக் கட்டுபடியானது, அவ்வளவே. அதில் புனிதம் ஒன்றும் இல்லை.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி "எந்த ஆக்சில் பெரிது?" என்பது இல்லை. "இதில் உடைவது எது, அதை மட்டும் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதைக் கேட்காமல் மொத்தத்தையும் மாற்று என்கிறவர் உங்கள் பணத்தில் தன் ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார்.

சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். கையில் பில்லோடு வரவும் :-)