ஸ்கிம்மர் விற்பனையும் நம் நாணயமும்

வண்ண மீன் வியாபாரம் என்றால் ஒரு காலத்தில் கண்ணாடித் தொட்டி, கூழாங்கல், ஏர் பம்ப், தீனிப் பொட்டலம் என்ற அளவோடு முடிந்துவிடும். சென்னைக் கொளத்தூரில் இன்றும் பெரும்பகுதி விற்பனை நன்னீர் மீன்தான். ஆனால் 2003-ஆம் ஆண்டு வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்திற்குப் பிறகு, கடைக்கு வரும் பிள்ளைகள் கோமாளி மீனைக் கேட்கத் தொடங்கினார்கள். பிள்ளை கேட்டால் தகப்பன் வாங்குவார். அப்படித்தான் உப்புநீர்த் தொட்டிகள் வீட்டு வரவேற்பறைக்குள் நுழைந்தன.

உப்புநீர்த் தொட்டி வைப்பவருக்கு நாம் விற்கும் சாமான்களில் அதிகப் புகார் வருவது ஒன்றே ஒன்றின் மீதுதான். அது புரோட்டீன் ஸ்கிம்மர். கருவியில் கோளாறு என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பாதிப் புகார்களுக்குக் காரணம், நாம் அதை விற்கும் முறைதான். இதை வெளிப்படையாகப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. மீன் வியாபாரத்தில் இல்லாத அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மோட்டார் பம்ப் விற்பவருக்கும், குளிர்சாதனம் விற்பவருக்கும் இதில் சேதி இருக்கிறது.

நம் கடையில் நடந்தது

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் மூன்றடி தொட்டிக்கு ஸ்கிம்மர் கேட்டு வந்தார். தொட்டியின் அளவு 36 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 18 அங்குல உயரம். அதாவது ஏறத்தாழ 190 லிட்டர். நம்மிடம் இருந்த ஸ்கிம்மரின் பெட்டியில் '300 லிட்டர் வரை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. "தாராளமாகப் போதும் சார்" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தோம். எத்தனை மீன் விடப்போகிறார் என்று கேட்கவில்லை. எவ்வளவு தீனி போடுவார் என்றும் கேட்கவில்லை. அன்று மாலையே அவர் ஒன்பது மீன்களையும் நம்மிடமே வாங்கிப் போனார்.

மூன்று வாரத்தில் ஏழு மீன் செத்தது. கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தண்ணீரில் கோளாறு, ஸ்கிம்மரில் இல்லை" என்றோம். கல்லாவுக்குப் பின்னால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் படித்தார், ஒன்றும் பேசவில்லை, போய்விட்டார். பிறகு அவர் நம் கடைப் பக்கமே வரவில்லை. அவருடைய தம்பியும், அலுவலக நண்பர்கள் இருவரும் நம் வாடிக்கையாளர்கள். அவர்களும் வரவில்லை. ஒரு ஸ்கிம்மரில் நமக்குக் கிடைத்த லாபம் சில நூறு ரூபாய். போனது எவ்வளவு என்று இன்றுவரை கணக்குப் போட முடியவில்லை.

கருவியின் வேலை என்ன?

விற்பவருக்குப் பொருளின் வேலை தெரிந்திருக்க வேண்டும். மீனின் கழிவும், தின்னாமல் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் கரைகின்றன. அந்தக் கரிமப் பொருள்களில் பலவற்றுக்கு ஒரு முனை நீரை நாடும், மறு முனை நீரை வெறுக்கும். ஆகவே அவை காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மருக்குள் பொடிப்பொடியான காற்றுக் குமிழிகளைச் செலுத்தினால், ஒவ்வொரு குமிழியும் அந்த அழுக்கைச் சுமந்துகொண்டு மேலே ஏறுகிறது. கழுத்துப் பகுதியில் நுரை கெட்டிப்பட்டு, மேலே உள்ள கப்பில் வழிகிறது. கப்பில் தேங்கும் பழுப்பு நிறத் தண்ணீரின் நாற்றம், கருவி வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி.

அழுக்கு அழுகி அம்மோனியாவாகவும், பின் நைட்ரைட், நைட்ரேட்டாகவும் மாறுவதற்கு முன்பே அதில் ஒரு பங்கை வெளியேற்றுவதுதான் இதன் பெருமை. கூடவே தண்ணீருக்குக் காற்றோட்டமும் கிடைக்கிறது. ஆனால் உருவாகிவிட்ட நைட்ரேட்டை இது எடுக்காது. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடுவதால், நன்னீர்த் தொட்டிக்கு இது பயன்படாது. 'கோல்டு ஃபிஷ் தொட்டிக்கும் போடலாம்' என்று யாரேனும் விற்றால் அது வியாபாரம் ஆகாது.

இன்னொரு உண்மையும் தெரிந்திருக்க வேண்டும. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மனும் அவர் குழுவினரும் 2009-இல் பல ஸ்கிம்மர்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். நீரில் உள்ள மொத்தக் கரிமப் பொருளில் ஸ்கிம்மர் எடுப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள்தான் என்பது அவர்கள் கண்டது. பெயர் பெற்ற தயாரிப்புகளுக்கு இடையே பெரிய ஏற்றத்தாழ்வும் தெரியவில்லை. ஆகவே 'இதை மாட்டினால் தண்ணீரே மாற்ற வேண்டாம்' என்று சொல்லி விற்பது பொய். கம்பெனி பெயரைச் சொல்லி இரட்டை விலை வாங்குவதும் நியாயமில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

பெட்டியை எடுத்து நீட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

முதல் கேள்வி, தொட்டி எத்தனை லிட்டர் என்பது. சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். சம்ப் இருந்தால் அதன் தண்ணீரையும் கூட்ட வேண்டும். 80 லிட்டருக்கு உட்பட்ட சிறு தொட்டியில் ஒன்றிரண்டு மீன் மட்டுமே வைப்பவருக்கு, வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினாலே போதும். அவருக்கு ஸ்கிம்மர் விற்க வேண்டாம் என்பதே நம் கருத்து. நல்ல உப்பு விற்போம், அதில் தொடர் வியாபாரமும் இருக்கிறது.

இரண்டாவது, எத்தனை மீன், எவ்வளவு தீனி என்பது. பெட்டியில் அச்சடித்த லிட்டர் கணக்கு பெரும்பாலும் குறைந்த மீன் உள்ள தொட்டிக்கு உரியது. மீன் நிறைய வைத்து, இருவேளை தாராளமாகத் தீனி போடுபவருக்கு அந்தக் கணக்கில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 190 லிட்டருக்கு '400 லிட்டர் வரை' என்று போட்ட கருவியைக் கொடுப்பதே முறை. அதற்காக ஆயிரம் லிட்டர் கருவியைத் தலையில் கட்டுவதும் தவறு. அழுக்குக் குறைந்த தண்ணீரில் பெரிய கருவி நிலையான நுரை கட்டாது.

மூன்றாவது, எங்கே வைக்கப் போகிறார் என்பது. சம்ப் இல்லாதவருக்குத் தொட்டியின் பின்புறம் தொங்கவிடும் வகைதான் சரி. சம்பில் வைக்கும் பல மாடல்களுக்கு 7 முதல் 9 அங்குலத் தண்ணீர் ஆழம் தேவைப்படும். ஆழம் கூடினால் கப் நிரம்பி வழியும், குறைந்தால் நுரை ஏறாது. தொட்டி ஸ்டாண்டின் உள் உயரத்தையும் கேட்க வேண்டும். கப்பைக் கழற்றி எடுக்க இடமில்லாமல், ஸ்டாண்டின் பலகையை அறுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நான்காவது, எந்த வகை பம்ப் என்பது. ஏர் ஸ்டோன் வகை விலை மலிவு. ஆனால் மரத்தாலான அந்தக் கட்டையை அடிக்கடி மாற்ற வேண்டும். வெஞ்சுரி வகையில் காற்றுத் துளை உப்புப் படிந்து அடைபடும். இன்று பெரும்பாலும் விற்பது நீடில் வீல் வகை. ஊசிகள் பதித்த சக்கரம் காற்றைப் பொடியாக்குகிறது, மின்செலவும் குறைவு. இரவு பகல் ஓடும் கருவி என்பதால் மின்கணக்கைச் சொல்லி விற்பது நல்லது. 15 வாட் பம்ப் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 22 யூனிட் எடுக்கும், 40 வாட் ஏறத்தாழ 58 யூனிட். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது சம்பில் தண்ணீர் மட்டம் உயர்ந்திருக்கும். அப்போது கப் வழிந்து அழுக்கெல்லாம் மீண்டும் தொட்டிக்கே போகலாம். இதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, பொறுமை இருக்கிறதா என்பது. புதுக் கருவி பழகி, நுரை நிலைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். 'மாட்டி மூன்று நாளாகிவிட்டது, கப்பில் சொட்டுக்கூட இல்லை' என்று வரும் புகாரில் பெரும்பாலும் கோளாறே இருக்காது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையைத் தொட்டிக்குள் விட்டாலே நுரை சில மணி நேரம் படுத்துவிடும். எண்ணெய்ப் பசையுள்ள தீனிக்கும் அதே கதைதான். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கழுத்தைத் துடைக்க வேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை பம்பை வினிகரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். இவ்வளவையும் ஒரு துண்டுத்தாளில் தமிழில் அச்சடித்துப் பில்லோடு கொடுக்க எவ்வளவு செலவாகும்?

மொத்த வியாபாரிகளுக்கு

சில்லறைக் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. இறக்குமதி செய்பவர்கள் விலையைப் பார்க்கும் அளவுக்குப் பம்பின் அடிப்பகுதியில் உள்ள எழுத்தைப் பார்ப்பதில்லை. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பம்ப் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும். காற்று இழுப்பது குறையும், நுரை ஏறாது. வாடிக்கையாளர் திட்டுவது கடைக்காரரை. சரக்கை இறக்குமுன் இதைச் சரிபார்ப்பது மொத்த வியாபாரியின் கடமை.

அடுத்தது உதிரிப் பாகங்கள். நூறு கருவி இறக்குபவர் பத்து இம்பெல்லராவது சேர்த்து இறக்க வேண்டாமா? ஒரு சின்னச் சக்கரம் உடைந்ததற்காக முழுக் கருவியையும் குப்பையில் போடச் சொன்னால், அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை கணினியில் ஆர்டர் போடுவார். ஆன்லைன் கம்பெனிகள் நம் வயிற்றில் அடிக்கின்றன என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். விலையில் நாம் அவர்களோடு போட்டியிட முடியாமல் போகலாம். ஆனால் தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மீன் என்று எதிரே நின்று கேட்பது கடைக்காரரால் முடியும். அதையும் விட்டுவிட்டால் நம்மிடம் மிஞ்சுவது கடை வாடகை மட்டும்தான்.

சட்டமும் மாறிவிட்டது

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். ஆகவே அந்தப் பழைய பலகையை நாம் கழற்றிவிட்டோம். மற்றவர்களும் கழற்றிவிடுவது நல்லது.

ஸ்கிம்மர் வாங்குபவர் பவளம் கேட்பதும் உண்டு. பவளப் பாறைகளும் கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றை விற்பது குற்றம். சிலர் ரகசியமாக விற்பதைப் பார்த்து நாமும் ஆசைப்படக் கூடாது. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் விஞ்ஞானிகள் கண்டு காட்டியிருக்கிறார்கள். பாறையிலிருந்து பிடித்த மீனைவிட, தொட்டியில் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்கு எளிதில் பழகும். செத்து மிதக்கும் மீன் குறைந்தால் புகாரும் குறையும்.

நாம் சொல்வது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கடையிலும் ஓடும் நிலையில் ஒரு ஸ்கிம்மர் இருக்கட்டும். வாங்க வருபவர் கப்பில் உள்ள அழுக்கைக் கண்ணால் பார்க்கட்டும். பெட்டியில் அச்சடித்த கணக்குக்குப் பக்கத்தில், 'மீன் அதிகம் என்றால் இத்தனை லிட்டருக்கு மட்டும்' என்று நம் கைப்பட எழுதி ஒட்டுவோம். இதனால் சில விற்பனை நழுவும். நழுவட்டும்.

அந்த மூன்றடி தொட்டிக்காரரைச் சென்ற ஆண்டு கடைத்தெருவில் பார்த்தோம். தொட்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். "மாடியில் போட்டுவிட்டேன், இப்போது அதில் புதினா வளர்க்கிறேன்" என்று சிரித்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.