சதவீதக் கணக்கில் அகப்படாத வளையம்

உள்நாட்டுத் தயாரிப்பின் பங்கு எத்தனை சதவீதம் என்பது நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் அடிக்கடி எழும் வினா. ராக்கெட்டானாலும் பீரங்கியானாலும் அமைச்சர் ஓர் எண்ணைச் சொல்வார். ஆளுங்கட்சி வரிசையில் மேசைகள் தட்டப்படும். அந்த எண்ணில் அகப்படாத பொருள் ஒன்று உண்டு. தொழிற்கூடங்களில் "சீல்" என்று அழைக்கப்படும் கசிவுத் தடுப்பு வளையம்தான் அது.

2021 ஆகஸ்ட் 12-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட்டின் முதல் இரு கட்டங்களும் குறைவின்றி இயங்கின. கிரையோஜெனிக் என்ஜின் பற்றவில்லை. இஓஎஸ்-03 செயற்கைக்கோள் பறிபோனது. திரவ ஹைட்ரஜன் தொட்டியின் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு கசிந்ததே காரணம் என்றும், அதிலுள்ள மென்மையான சீல் சேதமடைந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் ஆய்வில் தெரியவந்தது. அந்த சீல் எங்கே தயாரானது என்ற ஆராய்ச்சி இங்கு தேவையில்லை. விலையில் சொற்பமான பொருள், திட்டம் முழுவதையும் வீழ்த்த வல்லது என்பதே கவனிக்கத்தக்கது.

மைனஸ் 253 டிகிரி குளிரில் சாதாரண ரப்பர் கண்ணாடிபோல் விறைத்துவிடும். டெஃப்லான் என்று நாம் அறிந்த பிடிஎஃப்இ தாங்கும். ஆனால் சுருங்கும், ரப்பரைப்போல் மீண்டெழவும் செய்யாது. ஆகவே அவ்வளையத்தில் பள்ளம் அமைத்து உள்ளே எஃகு ஸ்பிரிங் வைக்கும் முறை உருவானது. வளையம் சுருங்கினாலும் தேய்ந்தாலும் அதன் விளிம்புகளை ஸ்பிரிங் உலோகப் பரப்போடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். திரவ இயற்கை எரிவாயு வால்வுகளிலும் ரசாயன ஆலைப் பம்புகளிலும் இத்தகைய சீல்களே பயன்படுகின்றன.

அரசுக் கொள்முதலுக்கான 2017-ம் ஆண்டு ஆணையும் அதன் 2020 திருத்தமும் உள்நாட்டுப் பங்கை விலை மதிப்பாலேயே அளக்கின்றன. 50 சதவீதம் இருந்தால் முதல் வகுப்பு. கோடி ரூபாய் இயந்திரத்தில் சில ஆயிரம் ரூபாய் வளையம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அக்கணக்கு மாறாது.

வளையம் வராமற்போவது வீண் கற்பனையன்று. பிஎஃப்ஏஎஸ் எனும் ஃபுளோரின் சேர்மங்களைக் கட்டுப்படுத்த ஜெர்மனி உள்ளிட்ட 5 ஐரோப்பிய நாடுகள் 2023-ல் முன்வைத்த யோசனையில் பிடிஎஃப்இ-யும் அடங்கும். (மண்ணிலும் நீரிலும் அழியாத சேர்மங்கள் பற்றிய அக்கவலை நியாயமானதே.) பிடிஎஃப்இ குஜராத்தில் தயாராகிறது என்பது ஆறுதல். எனினும் மூலப்பொருளைத் தயாரிப்பது வேறு; கடுங்குளிரில் ஆயிரக்கணக்கான முறை சோதித்து, நம்பகமான சீலாக வழங்குவது வேறு.

மாற்று இல்லாத சிறு உதிரிபாகங்கள் எவை, அவற்றை எத்தனை நிறுவனங்கள் வழங்குகின்றன என்ற பட்டியலை அமைச்சகங்கள் நாடாளுமன்ற நிலைக்குழுக்களிடம் ஆண்டுதோறும் அளிக்க வேண்டும். ரகசியம் என்ற சமாதானம் பாதுகாப்புத் துறைக்குப் பொருந்தலாம். எரிவாயு முனையத்துக்கும் உரத் தொழிற்சாலைக்கும் பொருந்தாது.