தனியாப் போனேன்னு சொல்லாதீங்க!

எங்க ஹாஸ்டலில் வருஷத்துக்கு நாலு பேராவது லடாக் போய் வருகிறார்கள். வந்த பிறகு ஒரு மாசத்துக்கு அவர்களோடு உட்கார்ந்து நிம்மதியாக இட்லி சாப்பிட முடியாது. "மச்சான், அங்க யாருமே இல்லடா. நான், என் பைக்கு, மலை. அவ்ளோதான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இணையத்தில் படிக்கிற பயணக் கட்டுரைகளும் இதே ரகம்தான். முதல் பத்தியில் என்ஜின் சத்தம். இரண்டாவதில் ரோஹ்தாங். மூன்றாவதில் ஒரு பஞ்சர். நாலாவதில் தன்னைத் தானே கண்டுபிடித்தல். கடைசியில் கர்துங் லா பலகைக்குக் கீழே கையை விரித்து ஒரு படம். ஊர் பெயரை மாற்றிப் போட்டால் யாருடைய கட்டுரையும் யாருக்கும் பொருந்தும்.

படம் எடுக்கட்டும், கண்டுபிடிக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. என் சண்டை ஒரே ஒரு வாக்கியத்தோடுதான். "அங்க யாருமே இல்ல." இது பொய். தெரியாமல் சொல்கிற பொய்யும் இல்லை. கண்ணெதிரே நிற்கிற ஆட்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டுச் சொல்கிற பொய்.

முதலில் அந்தச் சாலையைப் பார்ப்போம். மணாலியிலிருந்து லே வரை பழைய கணக்கில் சுமார் 475 கிலோமீட்டர். 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்த பிறகு அதில் 46 கிலோமீட்டர் குறைந்தது. வழியில் பாராலாச்சா லா 4,890 மீட்டர், தங்லங் லா 5,300 மீட்டருக்கும் மேல். ("லா" என்றால் கணவாய்.) அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். குளிர்காலத்தில் கணவாய்களைப் பனி மூடிவிடும். பனியை வெட்டி எடுத்தால்தான் வழி திறக்கும். திறந்த பிறகும் விடாது. உருகுகிற பனித்தண்ணீர் தாரை அரிக்கும், மத்தியானத்துக்கு மேல் ஓடைகள் பெருகிச் சாலை மேலேயே பாயும், மலை சரியும். நம்ம ஊர் நெடுஞ்சாலை மாதிரி ஒரு தடவை போட்டுவிட்டுச் சுங்கச்சாவடி கட்டி உட்கார முடியாது. அந்தச் சாலையை வருஷா வருஷம் புதுசாகச் செய்ய வேண்டும்.

யார் செய்கிறார்கள்? 1960-ல் தொடங்கிய எல்லைச் சாலைகள் நிறுவனம் என்பது பாடப்புத்தகப் பதில். லடாக்கில் அதன் 'ஹிமாங்க்' பிரிவு 1985-லிருந்து வேலை செய்கிறது. சரி, அந்த நிறுவனத்துக்கு மண்வெட்டி பிடிக்கிறவர் யார்? ஜார்க்கண்டின் தும்கா பக்கத்துச் சந்தாலிகள், பீகாரிகள், நேபாளிகள். தற்காலிகக் கூலிகளாக வருகிறார்கள். பனிக்காலம் முடிகிற நேரத்தில் வந்து, அடுத்த பனி தொடங்குகிற வரை இருப்பார்கள். சாலையோரம் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். டிரம்மில் தாரைக் காய்ச்சுவது, கல் உடைப்பது, ஜல்லி கொட்டுவது எல்லாம் அவர்கள்தான். அந்தக் கறுப்புப் புகையைத் தடுக்க அவர்கள் முகத்தில் இருப்பது ஒரு துணி. பைக்கில் போகிற நம்ம ஆளுக்கு மலைநோய் வராமல் இருக்க மாத்திரை உண்டு, இரண்டு நாள் ஓய்வு எடுங்கள் என்று டாக்டர் அறிவுரையும் உண்டு. இவர்கள் அதே காற்றில் கல் சுமக்கிறார்கள்.

நான் பைக்கில் போனவன் இல்லை. அதற்கு வசதியும் இல்லை, லைசென்ஸும் இல்லை :-) கேலாங்கில் அரசுப் பேருந்து ஏறித்தான் லே போனேன். பாங் வருவதற்கு முன்னால் ஒரு இடத்தில் மண் சரிந்து இரண்டரை மணி நேரம் நின்றோம். இறங்கிப் பார்த்தால் பதினைந்து பேர் கல்லை அகற்றிக்கொண்டு இருந்தார்கள். அதில் ஒரு பையனுக்கு என் வயசுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். ஊர் தும்கா, மூன்றாவது வருஷமாக வருகிறேன் என்றான். நான் எந்த ஊர் என்று கேட்டான். சென்னை என்றதும், "அங்க கடல் இருக்கில்ல? தண்ணி நெஜமாவே உப்பா?" என்றான். ஆமாம் என்று சொன்னதை அவன் முழுசாக நம்பவில்லை.

அதற்குள் பின்னால் வந்து நின்ற ஒரு பைக்காரர் முக்காலியில் கேமராவைப் பொருத்தினார். பின்னணியில் மலை, முன்னால் வண்டி. நடுவில் இந்தப் பதினைந்து பேர். அவர் கையை ஆட்டி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழறீங்க" என்றார். அவர்களும் மண்வெட்டியோடு தள்ளி நின்றார்கள், தினமும் நடக்கிற விஷயம் மாதிரி. படம் எடுத்து முடிகிற வரை வழி திறக்கிற வேலை நின்றது. அந்த வழி யாருக்காகத் திறக்கிறது? அவருக்கும் சேர்த்துத்தான்! அந்தப் படம் இப்போது எங்காவது "தனிமை" என்ற தலைப்போடு இருக்கும். தனிமை எப்படித் தயாராகிறது என்று நான் நேரில் பார்த்துவிட்டேன். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னால் தயார்.

அதே வழியில் காட்டா லூப்ஸ் என்று 21 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே ஒரு பேய்க் கதை உண்டு. பனியில் மாட்டிக்கொண்ட லாரியைக் காவல் காக்க விட்டுப் போன கிளீனர், தண்ணீர் இல்லாமல் செத்துப்போனாராம். அவருடைய ஆவி போகிற வருகிறவர்களிடம் தண்ணீர் கேட்குமாம். அதனால் பயணிகள் அங்கே தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில்கள் குன்றாகக் குவிந்து கிடக்கின்றன. கதை நிஜமோ பொய்யோ, எனக்குக் கவலை இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். செத்துப்போன கூலித் தொழிலாளிக்கு வண்டியை நிறுத்தித் தண்ணீர் வைக்கிறோம். நாலு வளைவு தள்ளி உயிரோடு நிற்கிறவரைப் பார்த்தால் ஹாரன் அடிக்கிறோம்.

"அவங்களுக்குத்தான் கூலி கொடுக்கறாங்களே, சும்மாவா செய்யறாங்க?" என்பார்கள். 2020-ல் நடந்ததைச் சொல்கிறேன். ஊரடங்கில் லடாக்கில் சிக்கிக்கொண்ட ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் 60 பேரை, மே மாசக் கடைசியில் அந்த மாநில அரசு விமானத்தில் ஊருக்கு அழைத்து வந்தது. அந்தச் சாலைகளில் யார் வேலை செய்கிறார்கள் என்று நாட்டில் பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் எல்லையில் பதற்றம், சாலை வேலைக்கு ஆள் தேவை. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை எல்லைச் சாலைகள் நிறுவனம் கேட்டது. அப்போதுதான் ஜார்க்கண்ட் அரசு வாயைத் திறந்து நிபந்தனை போட்டது. இடைத்தரகர் வேண்டாம், 1979-ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டப்படி பதிவு செய்யுங்கள், கூலி தொழிலாளியின் கைக்கே போகவேண்டும் என்றது. தொழிலாளியின் ஏடிஎம் கார்டைத் தரகர்களே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்ற புகாரும் அப்போது வெளியே வந்தது. பேச்சு முடிந்து ஜூன் 13-ஆம் தேதி தும்காவிலிருந்து சுமார் 1,600 பேரோடு சிறப்பு ரயில் கிளம்பியது.

இதைப் படித்துவிட்டும் "கூலி கொடுக்கறாங்களே" என்று சொல்ல முடியுமா? சாலை போட ஆரம்பித்து அறுபது வருஷம் கழித்து, கூலி அவன் கைக்கே போகவேண்டும் என்று ஒரு மாநில அரசு கேட்டுப் பெறவேண்டி இருந்திருக்கிறது. இடையில் அந்தச் சாலையில் எத்தனை கட்டுரைகள், எத்தனை படங்கள்! அவற்றில் எத்தனையில் இவர்கள் இருந்தார்கள்?

சாவிலும் இதே கதைதான். 2010 ஆகஸ்ட் 6 அதிகாலையில் லேயில் மேகவெடிப்பு, வெள்ளம். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களிலும் காணாமல் போனவர்களிலும் வெளியூரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். உள்ளூர்க்காரர் காணாமல் போனால் தேட ஊர் இருக்கிறது. இவர்களைத் தேட யார் இருந்தார்கள்?

அடுத்த வாதம், "நாங்க போறதாலதான் அங்க இருக்கறவங்களுக்குப் பொழப்பே." பாதி நிஜம். டீக்கடைக் கூடாரம் போட்டிருக்கிற அம்மாவுக்கும், வீட்டில் அறை வாடகைக்கு விடுகிற லடாக் குடும்பத்துக்கும் பயணிகளால் வருமானம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தார் காய்ச்சுகிறவருக்கு நீங்கள் தங்கும் ஹோட்டலால் என்ன லாபம்? இன்னொன்று. 1974-ல் லடாக்கை வெளியாருக்குத் திறந்துவிட்டபோது வந்தவர்கள் சில நூறு பேர். 2022-ல் ஐந்து லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரில் பாதிப் பேர் "அங்க யாருமே இல்ல" என்று எழுதுகிறார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே இல்லையா சாமி?

சரி, வண்டியாவது உங்கள் தனி உழைப்பா? அந்த வழியில் அதிகம் ஓடுவது புல்லட் வகையறாதான். 1955-லிருந்து மெட்ராஸில் தயாரானது அது, திருவொற்றியூர்த் தொழிற்சாலை நம் ஊர் அடையாளங்களில் ஒன்று. 1950-களில் எல்லைக் காவலுக்கு இந்த வண்டிகள் வேண்டும் என்று அரசாங்கம் வாங்கியதால்தான் அது இந்தியாவில் வேரே பிடித்தது. வடசென்னைத் தொழிலாளி செய்த வண்டி, தும்காத் தொழிலாளி போட்ட சாலையில் ஓடுகிறது. மேலே உட்கார்ந்து இருக்கிறவர் மட்டும் "நான் மலையை ஜெயித்தேன்" என்கிறார். நடுவில் ஆக்சிலேட்டரைத் திருகியது அவர்தான், ஒத்துக்கொள்கிறேன் :-)

ஜெயித்த உயரமாவது சரியா? கர்துங் லாவில் ரொம்ப வருஷம் நின்ற பலகை 18,380 அடி என்றது, உலகத்திலேயே உயரமான மோட்டார் சாலை என்றது. ஜிபிஎஸ் வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 17,580 அடிதான். எண்ணூறு அடி சும்மா! அந்த எண்ணை டீ-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருகிறவர்கள் எங்களிடம் உண்டு. தப்பான எண்ணுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டோம். பலகையை நட்டவரோடு ஒரு படம் கிடையாது.

சிலர் சே குவேராவைத் துணைக்கு அழைப்பார்கள். 1952 மோட்டார் சைக்கிள் பயணம், அவர் படம் போட்ட பனியன் எல்லாம் எடுத்துக்கொண்டு வருவார்கள். வாங்க. முதலில், அவர் தனியாகப் போகவில்லை, கூட ஆல்பர்ட்டோ கிரனாடோ இருந்தார். இரண்டாவது, பைக் சிலியிலேயே படுத்துவிட்டது. மிச்ச தூரத்தில் பெரும்பகுதி லாரியிலும் கப்பலிலும் நடந்தும்தான். பைக் போன பிறகுதான் சுக்கிகமாட்டா தாமிரச் சுரங்கத்துக்குப் போகிற வழியில் சுரங்கத் தொழிலாளிகளைச் சந்தித்தார், பெருவில் தொழுநோய் மருத்துவமனையைப் பார்த்தார். அந்தப் பயணம் இன்றைக்கும் பேசப்படுவது இவர்களால். வண்டியை நிறுத்தியதால் கிடைத்த கதையை, வண்டியை நிறுத்தாதவர்கள் பனியனாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. "வீட்ல, காலேஜ்ல, எங்கயும் ஒரு நிமிஷம் தனியா இருக்க விடமாட்டாங்க. அங்கதான் மூச்சு விட்டேன்." இதை ஒரு தோழி சொன்னாள். பக்கத்துத் தெருக் கடைக்குக்கூடத் தம்பியைத் துணைக்கு அனுப்புகிற வீட்டிலிருந்து கிளம்பி, ஒற்றை ஆளாக வண்டி ஓட்டிப் போய் வந்தவள். அவளுக்கு அந்தத் தனிமை எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. அவளிடம் நான் கேட்டதும் ஒன்றுதான். உன்னைக் கட்டிப்போட்டவர்கள் இல்லாத இடத்துக்குப் போனாய், சந்தோஷம். அதற்காக அந்த இடத்தில் ஆட்களே இல்லை என்று ஏன் எழுத வேண்டும்? அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பாங்கில் ராத்திரி கம்பளி போர்த்திவிட்டு மூன்று தடவை எழுந்து வந்து பார்த்த கூடாரக்கார அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அது அவள் எழுதிய கட்டுரையில் இல்லை. கட்டுரையிலேயே நல்ல பகுதி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த ஜூனில் கிளம்புகிறவர்கள் தாராளமாகக் கிளம்புங்கள். தனியாகவே போங்கள். வேலை நடக்கிற இடத்தில் வேகத்தைக் குறையுங்கள், புழுதி அவர்கள் முகத்தில்தான் விழுகிறது. படத்துக்காக யாரையும் தள்ளி நிற்கச் சொல்லாதீர்கள். காட்டா லூப்ஸில் பாட்டில் வைக்காதீர்கள், இருக்கிற தண்ணீரை உயிரோடு இருக்கிறவருக்குக் கொடுங்கள். ஒருவரிடமாவது எந்த ஊர், எத்தனையாவது வருஷம், கூலி கைக்கு வருகிறதா என்று கேளுங்கள். ஊருக்குத் திரும்பி எழுதும்போது அந்தப் பதிலையும் எழுதுங்கள். இவ்வளவும் செய்த பிறகு "அங்க யாருமே இல்ல" என்று எழுத உங்களுக்கே கை வராது.