கைபேசியில் பழைய கேம்: ஓசியா, ஆபத்தா?

சின்ன காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் யாரிடமாவது, "விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டு என்று விற்கிறார்களே?" என்று கேட்டுப் பாருங்கள். கோபம் பொத்துக்கொண்டு வரும். நாள்கணக்கில் கோர்வை போட்டு நெய்ததை எவனோ நகலெடுத்துப் பாதி விலைக்கு விற்றால் வராதா பின்னே? ஆனால் வீடியோ கேம் விஷயத்தில் மட்டும் இந்தக் கோபம் யாருக்கும் வருவதில்லை. கைபேசியில் ஓர் எமுலேட்டர், நாலு ரோம் கோப்பு, ஆட்டம் ரெடி!

எமுலேட்டரே திருட்டு என்று சொல்வது தவறு. சோனி தொடுத்த வழக்கில் 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கமே நின்றது. சிக்கல் இருப்பது கேம் கோப்பிலும், அதன் பூட்டை உடைப்பதிலும்தான். 2024-ல் நின்டெண்டோ வழக்குப் போட்டதும் யூசு எமுலேட்டரை உருவாக்கியவர்கள் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள். இந்தியாவிலும் காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு இருக்கிறது. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை!

சரி, சட்டம் கிடக்கட்டும். ஆட்டமாவது ஒழுங்காக ஓடுமா? பிளேஸ்டேஷன் 2-ன் பிராசசர் வேகம் சுமார் 294 மெகாஹெர்ட்ஸ்தான். இன்றைய கைபேசிக்கு அது தூசு என்று தோன்றும். ஆனால் இரண்டும் பேசும் மொழி வேறு. ஒவ்வொரு கட்டளையையும் ஓட ஓட மொழிபெயர்க்க வேண்டும். ஒரு தறிக்கு அடித்த ஜக்கார்டு அட்டையை வேறு தறியில் மாட்டினால் புட்டா எங்கே போய் விழும்? அதே கதைதான். போன் சூடாகும், பேட்டரி கரையும், படம் திக்கும்.

பெரிய ஆபத்து வேறு. ஈதர்எஸ்எக்ஸ்2 என்ற இலவச எமுலேட்டரை உருவாக்கியவர், கொலை மிரட்டல் வரை வந்ததால் 2023 ஜனவரியில் வேலையையே நிறுத்தினார். ஓசியில் வாங்கியவர்கள் கொடுத்த மரியாதை இது! இப்போது அதைத் தேடுகிறவருக்கு எந்த ஏபிகே அசல், எது போலி என்று எப்படித் தெரியும்? வங்கிச் செயலியும் ஓடிபியும் இருக்கிற அதே போனில்தான் அதையும் நிறுவுகிறார்கள்.

"பழைய கேம் கடையில் கிடைக்கவில்லையே, என்ன செய்வது?" என்பது நியாயமான கேள்வி. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று 2023-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அந்தக் கேம்களை எமுலேட்டர்தான் காப்பாற்றுகிறது. நிறுவனங்கள் அவற்றை நியாயமான விலையில் மறுபடி விற்றால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆனால் இன்றும் கடையில் விற்கும் கேமை இறக்கி ஆடுவதற்கு இந்தச் சாக்கு செல்லாது. விற்பனையில் இருப்பதைக் காசு கொடுத்து வாங்குங்கள். எமுலேட்டரை அதிகாரபூர்வ இடத்திலிருந்து மட்டும் எடுங்கள். இலவசமாகவே வெளியிடப்படும் ஹோம்ப்ரூ கேம்களையும் ஆடிப் பாருங்கள். போலிப் பட்டைக் கண்டால் கொதிக்கிற ஊர், போலி கேமுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாமா?